எங்கள் வீட்டுத் தயிரில் இருந்தது

நான் ஒரு பெண்ணின் வேலையைப் போக வைத்தவள். அதற்கு எனக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. ஓர் அறிக்கையில் இரண்டு வரி எழுதினேன், முடிந்தது. அந்த இரண்டு வரியும் தப்பு என்று எனக்கே தெரிந்த பிறகு, அதை அவரிடம் நேரில் போய்ச் சொல்ல நான்கு மாதம் ஆனது. இதை எழுத உட்கார்ந்தாலே உடம்பு கூசுகிறது. எழுந்து போய்த் துணி மடிக்கிறேன், பாத்திரம் துலக்குகிறேன். இனி துலக்கப் பாத்திரம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

பூந்தமல்லி தாண்டி, பெங்களூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் எங்கள் கம்பெனி. பாக்கெட் தயிர், கப் தயிர், வெயில் காலத்தில் மசாலா மோர். நான் அங்கே தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். மைக்ரோபயாலஜி படித்தவள் என்றால் சொந்தக்காரர்கள் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை நீட்டி அர்த்தம் கேட்பார்கள். உண்மையில் என் வேலை, பாலைத் தயிராக்கும் பாக்டீரியாக்களைச் சாகவிடாமல் வளர்ப்பது. வீட்டில் உறை மோர் என்கிறோமே, அதைத்தான் கம்பெனியில் கல்ச்சர் என்கிறோம். வீட்டில் ஒரு ஸ்பூன் ஊற்றுவதை இங்கே வாளிக் கணக்கில் ஊற்ற வேண்டும். கல்ச்சர் சரியில்லை என்றால் முதலில் உருளுவது என் தலை.

லேபில் என்னோடு இருந்தவர் ஓர் அக்கா. கான்ட்ராக்ட் ஆள். பாட்டில் கழுவுவது, கண்ணாடித் தட்டுகளைத் துடைத்து அடுக்குவது, தரை துடைப்பது எல்லாம் அவர். ஐம்பதை ஒட்டிய வயது. மாங்காட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவார். அவருடைய அப்பா அம்மா காலம்வரை அந்தப் பக்கத்து வயல்களில் கூலி வேலை. "நாங்க நாத்து நட்ட எடத்துலதான் மேடம் இப்போ அபார்ட்மெண்ட்காரங்கோ காரை நிறுத்திக்கினு கீறாங்கோ" என்று சொல்லிச் சிரிப்பார். நான் கழுவினால் பாட்டிலில் சோப்பு வாடை அடிக்கும். அவர் கழுவினால் அடிக்காது. ஆறு வருடம் அவர் கழுவிய பாட்டிலில் ஒரு முறைகூட வேண்டாத கிருமி வளர்ந்ததில்லை. இதை அன்றைக்கு நினைத்துப் பார்த்திருக்க வேண்டியவள் நான்.

அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸில் மதுரைக்காரர், சேலத்துக்காரர், வேலூர்க்காரர் என்று எல்லா ஊர்க்காரர்களும் உண்டு. நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். சாம்பார் எங்கள் ஊரில்தான் சாம்பார் என்று ஒவ்வொரு வீட்டிலும் பேச்சு நடக்கும். ஆனால் தயிர் உறையவில்லை என்றால் எல்லோரும் கிண்ணத்தோடு வந்து நிற்பது எங்கள் வாசலில்தான். அம்மா ஊற்றிய தயிரைக் கத்தி வைத்து வெட்டலாம். "எல்லாம் கைராசி" என்று அவர்கள் சொன்னால் அம்மா "போங்க" என்று சொல்லிக்கொண்டே ஒரு கரண்டி அதிகமாகப் போடுவார். எனக்கும் அதில் பெருமை. அந்தப் பெருமைதான் எனக்கு வினையாக வந்தது.

கம்பெனித் தயிர் கொஞ்சம் தளர்வாக இருக்கிறது என்று கடைக்காரர்கள் குறை சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். ஒரு திங்கட்கிழமை, கொதிக்க வைத்து ஆற்றிய குட்டி பாட்டிலில் அம்மாவின் தயிரைக் கொஞ்சம் அடைத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். எங்கள் லேப் கதவில் "வீட்டுப் பால், தயிர், மோர் உள்ளே கொண்டுவரக் கூடாது" என்று எழுதி ஒட்டியிருக்கும். எழுதியதும் நான், கீழே கையெழுத்துப் போட்டதும் நான். சட்டம் போட்டவளுக்குச் சட்டம் கிடையாது என்று நினைத்துக்கொண்டேன் போலிருக்கிறது. அந்தத் தயிரிலிருந்து குச்சி வடிவத்தில் நீளமாக வளரும் ஒரு பாக்டீரியாவைத் தனியாகப் பிரித்து எடுத்தேன். பாலில் விட்டுப் பார்த்தேன். தயிர் கல் மாதிரி நின்றது. கம்பெனியின் பழைய கல்ச்சரிலும் அதே இனத்துக் குச்சி ஒன்று இருந்தது. அதோடு இதையும் சேர்த்துவிட்டேன். மேனேஜரிடம் "புது ஸ்ட்ரெயின், நானே பிரிச்சது" என்று மட்டும் சொன்னேன். எதிலிருந்து பிரித்தேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் ராஜ மரியாதைதான். தயிர் கெட்டியாக நின்றது. மேனேஜர் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். நான் அம்மாவிடம் போய், "உன் தயிரைத்தான் இப்ப ஊரே சாப்பிடுது" என்றேன். அம்மாவுக்கு முகமெல்லாம் பல்.

அப்புறம் ஒரு நாள் காலையில் தயிர் உறையவில்லை. தொட்டியில் பால் பாலாகவே, லேசாகப் புளித்து, நூல் நூலாக மிதந்தது. நான் அதில் கொஞ்சம் எடுத்து, பாக்டீரியா புக முடியாத அளவுக்குச் சின்னத் துளைகள் உள்ள வடிகட்டியில் வடித்தேன். ஒரு தட்டில் கம்பெனியின் பழைய குச்சிகளைப் புல்தரை மாதிரி அடர்த்தியாகப் பரப்பி, அதன்மேல் இந்த வடிநீரைச் சொட்டுச் சொட்டாக வைத்தேன். மறுநாள் பார்த்தால் சொட்டு விழுந்த இடத்திலெல்லாம் ஓட்டை. அங்கிருந்த பாக்டீரியா முழுக்க வெடித்துச் செத்திருந்தது.

பாக்டீரியாவுக்கும் வைரஸ் உண்டு. அதை ஃபேஜ் என்போம். மனிதர்களை அது ஒன்றும் செய்யாது, செய்யவும் முடியாது. பாக்டீரியாவின் மேல் உட்கார்ந்து தன் டி.என்.ஏ.வை உள்ளே இறக்கும். இறக்கியதும் அந்தப் பாக்டீரியாவைக் கொண்டே தன்னைப்போல நூறு வைரஸை உண்டாக்கிக்கொண்டு, அதை வெடிக்கவிட்டு வெளியே வரும். தயிர்த் தொழிலில் இருப்பவர்கள் அதிகம் பயப்படுவது அதற்குத்தான். ஒரு தொட்டியில் வந்தால் மறு தொட்டிக்கும் போகும்.

மேனேஜர் தட்டைப் பார்த்தார். "எங்கேர்ந்து வந்துச்சு? சாயங்காலத்துக்குள்ள எனக்கு சோர்ஸ் வேணும்" என்றார்.

நான் லேபைச் சுற்றிப் பார்த்தேன். கழுவும் அறை மேடையில் அக்காவின் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் இருந்தது. திறந்தேன். தயிர்ச்சாதம், ஓரத்தில் எலுமிச்சை ஊறுகாய். கேன்டீன் தூரம் என்பதால் அவர் அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கம். அது எனக்கும் தெரியும், ஆறு வருடமாகத் தெரியும். வீட்டுத் தயிரில் ஃபேஜ் இருப்பது சகஜம். எனக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது.

அந்தச் சாதத்தில் ஒரு துளி எடுத்து வடிகட்டித் தட்டில் வைத்திருந்தால் மறுநாளே தெரிந்திருக்கும். நான் வைக்கவில்லை. நேரமில்லை என்று அன்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது? அந்த டிபன் பாக்ஸைப் பார்த்ததும் எனக்குச் சோதனை தேவையாகவே படவில்லை. அவர் தெரு, அவர் வீட்டுத் தண்ணீர், அவர்கள் வீட்டுப் பாத்திரம் என்று மனசு தானாகவே ஓடியது. படித்த படிப்பெல்லாம் அந்த ஒரு நிமிடம் எங்கே போனது என்று தெரியவில்லை. எங்கள் வீட்டுத் தயிர் என்றால் அது கைராசி, அவர் வீட்டுத் தயிர் என்றால் அது தொற்று. இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியும். எழுதக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

"கான்ட்ராக்ட் ஊழியர் விதியை மீறிக் கொண்டுவந்த வீட்டுத் தயிரிலிருந்து பரவியிருக்கலாம். அவரை உற்பத்திப் பகுதியிலிருந்து விலக்கப் பரிந்துரைக்கிறேன்." இதுதான் நான் எழுதிய இரண்டு வரி. கான்ட்ராக்ட் ஆட்களை விலக்கு என்று எழுதினால் வேறு பகுதிக்கு மாற்ற மாட்டார்கள், கேட்டுக்கு வெளியே அனுப்புவார்கள். அதுவும் எனக்குத் தெரியும்.

அன்று மாலை ஐந்தரை மணிக்கு அக்கா கையில் பையோடு என்னிடம் வந்தார். கான்ட்ராக்டர் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

"இன்னா மேடம், என் தயிரால பால் கெட்டுப்பூட்ச்சின்றாங்கோ. நெசமா?"

நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "ஆமாக்கா. டெஸ்ட்ல தெரிஞ்சிருக்கு" என்றேன்.

"என் தயிர்ல இன்னா மேடம் கீது?"

"வைரஸ்."

"வைரஸா?" அவர் தன் இரண்டு கையையும் திருப்பிப் பார்த்தார். "எங்க ஊட்ல எல்லாம் அத்ததானே மேடம் துன்றோம்?"

இந்த இடத்தில் நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். இது பாக்டீரியாவுக்கு மட்டும் வருகிற வைரஸ், மனுஷருக்கு வராது, பயப்படாதீங்க என்று. கொரோனாவைப் பார்த்த ஊரில் வைரஸ் என்ற சொல்லை அப்படியே ஒருவர் கையில் போட்டு அனுப்பக் கூடாது என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நான் சொல்லவில்லை. அவர் சீக்கிரம் போனால் தேவலை என்று இருந்தது. "பாத்து சுத்தமா இருங்கக்கா" என்றேன். எனக்குச் சோப்பு வாடை இல்லாத பாட்டில் கழுவிக்கொடுத்தவரிடம் இப்படிச் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து மறுபடியும் தயிர் உறையவில்லை.

மறுபடியும் அதே சோதனை, இந்தத் தடவை எங்கள் வீட்டுக் குச்சிக்கும் தனியாக ஒரு தட்டு. மறுபடியும் ஓட்டைகள். கழுவும் அறையில் இப்போது புதிதாக ஒரு பெண் இருந்தாள். அவள் டிபனில் புளிச்சாதம். இனி குற்றம் சொல்ல எனக்கு ஆள் கிடைக்கவில்லை. தட்டுகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. பழைய குச்சி மட்டும்தான் செத்துக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுக் குச்சிக்கு ஒன்றும் ஆகவில்லை; தொட்டியில் அது கொஞ்சம்தான் என்பதால் அத்தனை பாலையும் தனியாக உறைய வைக்க முடியவில்லை, அவ்வளவுதான். அதே வடிநீரை அதன்மேல் எத்தனை சொட்டு விட்டாலும் அசையாமல் வளர்ந்தது.

எம்.எஸ்சி. முதல் வருடத்தில் பரீட்சைக்காக நெட்டுருப் போட்ட பாடம் அது. வைரஸ் எப்போதும் உடனே வெடிக்க வைக்காது. சில வைரஸ்களுக்கு இன்னொரு வழி உண்டு. உள்ளே போனதும் அதன் டி.என்.ஏ. ஒரு வளையமாகச் சேர்ந்துகொள்ளும். பாக்டீரியாவின் டி.என்.ஏ.விலும் வைரஸின் டி.என்.ஏ.விலும் ஒரு குட்டி இடத்தில் எழுத்துகள் ஒரே வரிசையில் இருக்கும். வைரஸ் தன்னோடு கொண்டுவந்த ஒரு நொதி அந்த இரண்டு இடங்களையும் பக்கத்தில் கொண்டுவந்து, இரண்டையும் வெட்டி, இந்த முனையை அந்த முனையோடு மாற்றி ஒட்டிவிடும். வளையம் திறந்து, பாக்டீரியாவின் டி.என்.ஏ.வுக்கு நடுவே நீளவாக்கில் படுத்துக்கொள்ளும். வெட்டிய தடம்கூட இருக்காது. வாடகைக்கு வந்தவர் வீட்டுக்காரரின் ரேஷன் கார்டிலேயே பெயர் சேர்த்துக்கொண்டது போல.

அதற்குப் பிறகு அந்தப் பாக்டீரியா பிரியும்போதெல்லாம் தன் டி.என்.ஏ.வோடு சேர்த்து வைரஸையும் நகல் எடுத்துக்கொண்டே போகும். வைரஸ் ஒரு புரதத்தை உண்டாக்கித் தன் மற்ற வேலைகளை எல்லாம் அடக்கி வைத்திருக்கும். அந்தப் புரதம் இருக்கும்வரை வெளியிலிருந்து அதே வைரஸ் வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் வெப்பமோ பட்டினியோ வேறு ஏதாவது சேதமோ வந்து அந்த அடக்கம் தளர்ந்தால், வைரஸ் வெட்டிக்கொண்டு வெளியே வந்து வெடிக்கும். ஒன்றும் நடக்காவிட்டாலும் கோடிக்கணக்கான பாக்டீரியாவில் சில தினமும் தாமாகவே வெடித்துக்கொண்டுதான் இருக்கும். அப்படிக் கசியும் வைரஸ் தன் வீட்டாரை விட்டுவிடும். பக்கத்தில் பாதுகாப்பு இல்லாமல் இருக்கும் அடுத்த வீட்டாரைக் கொல்லும்.

எங்கள் வீட்டுக் குச்சியைக் கொஞ்சம் எடுத்து, மூடியில்லாத தட்டில் விட்டு, புற ஊதா விளக்கின் கீழே சில நொடி வைத்தேன். டி.என்.ஏ.வுக்கு அது அடி. அடி விழுந்தால் உள்ளே இருப்பது வெளியே வரும். பிறகு அதை இருட்டில் வளரவிட்டு, மறுநாள் வடித்து, பழைய குச்சிகளின் மேல் சொட்டு வைத்தேன். அடுத்த நாள் காலையில் தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஓட்டைகள். தொட்டியில் கண்ட அதே அளவு, அதே விளிம்பு. பெரிய ஆராய்ச்சிக்கூடமாக இருந்தால் டி.என்.ஏ.வை எழுத்துக்கு எழுத்து வாசித்து உறுதி செய்வார்கள். எனக்கு இதுவே போதுமானதாக இருந்தது.

அம்மாவின் தயிரில் தவறில்லை. அதைச் சாப்பிட்டு நாங்கள் எல்லோரும் நன்றாகத்தான் வளர்ந்தோம். தவறு, அதைக் கைப்பையில் ஒளித்துக்கொண்டு வந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் கம்பெனிக் கல்ச்சரில் கலந்தவளுடையது. இந்தப் புற ஊதாச் சோதனையைக் கலப்பதற்கு முன்னாலேயே செய்திருக்க வேண்டும். சொந்த வீட்டுச் சரக்கு என்பதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அன்றே எங்கள் வீட்டுக் குச்சியை எல்லாக் குழாய்களோடும் வேக வைத்துக் கொட்டினேன். தொட்டிகளைச் சுத்தம் செய்யச் சொன்னேன். அதற்குப் பிறகு இன்றுவரை அந்தத் தொல்லை இல்லை. அறிக்கையில் "கல்ச்சர் மாற்றப்பட்டது" என்று எழுதினேன். அதில் பொய் இல்லை. வேறு எதுவும் இல்லை என்பதுதான் பிரச்சினை.

மேனேஜரிடம் பாதியைத்தான் சொன்னேன். "சார், போன தடவை சோர்ஸ் அந்த அக்காவோட தயிர் இல்லைன்னு தோணுது."

அவர் நிமிரக்கூட இல்லை. "இப்ப சரியாயிடுச்சுல்ல? முடிஞ்சத ஏன் கிளறிக்கிட்டு. அந்த எடத்துக்கும் ஆள் வந்தாச்சு."

"சரி சார்" என்று வெளியே வந்தேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கக்கேடு என்றால் அந்த நிம்மதிதான். அதற்குப் பிறகு மாங்காடு என்று பலகை போட்ட பஸ்ஸைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். போக வேண்டும், அடுத்த வாரம் போக வேண்டும் என்று நான்கு மாதம் ஓடியது.

ஒரு நாள் தொட்டி இயக்கும் ஆள் ரீடிங் கொடுக்க வந்தவர் பேச்சுவாக்கில் சொன்னார். அவர் வீடும் அக்கா இருக்கும் தெருவில்தான். "அந்த அக்காவுக்குப் பேத்தி பொறந்துகீது மேடம். ஆனா அது கொயந்தய தொடவே மாட்டேங்குதாம். நம்ம கம்பெனில வைரஸ்னு சொல்லி அனுப்ச்சாங்கல்ல, அத்தயே புடிச்சிக்கினு கீது."

அன்று மாலை நேரே மாங்காட்டுக்குப் போனேன்.

கோயில் தெரு தாண்டி, புது வீட்டு மனைகளுக்கு நடுவே ஒரு சந்து. அக்கா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க மேடம்" என்றார். நாற்காலியை எடுத்துப் போட்டார். எனக்குத் தண்ணீர் கொடுக்கப் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டார். சொம்பை அந்தப் பெண்தான் நீட்டினாள். தன் கையால் தண்ணீர்கூடக் கொடுக்க அவர் பயப்படுகிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். நான் அவரை அனுப்பியபோது மகளுக்கு ஏழாவது மாதம். வளைகாப்பு முடித்து, தலைப்பிரசவத்துக்கு மகளை இங்கே அழைத்துவர எல்லாம் தயாராக இருந்தது. இவர்தான் சம்பந்தி வீட்டுக்குப் போன் செய்து, வேண்டாம், அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு தன் வீட்டில் கிருமி என்று சொல்ல வெட்கப்பட்டு, வசதி இல்லை என்றாராம். பெற்ற பெண்ணைத் தலைப்பிரசவத்துக்குக் கூப்பிடாத தாய் என்று அம்பத்தூரில் சம்பந்தி வீட்டார் பேச, மகளும் பேச்சை நிறுத்திவிட்டாள். உண்மைக் காரணம் வெளியே தெரிந்ததும் அவர்களும் பயந்து குழந்தையை அனுப்பவில்லை. குழந்தை பிறந்து இரண்டு மாதம். ஆஸ்பத்திரி வாசற்படியில் நின்று ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான்.

"ஊட்ல தயிரு ஊத்தறத நிறுத்திட்டேன் மேடம். பாத்திரத்த எல்லாம் போட்டுட்டேன். கைய டெட்டால்ல கய்விக்கினேதான் கீறேன். ஆனா உள்ள கீதோ இன்னாமோ, யாருக்குத் தெரியும்?"

அவர் கை தோல் உரிந்து வெள்ளையாக இருந்தது.

நான் அழவில்லை. அழுதிருந்தால் அவர் என்னைத் தேற்ற வேண்டியிருக்கும், அதற்கும் எனக்கு யோக்கியதை இல்லை. நாற்காலியிலிருந்து இறங்கி அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சொன்னேன். அது மனுஷருக்கு வராத வைரஸ், பாக்டீரியாவுக்கு மட்டும் வருவது. அது உங்கள் கையிலும் இல்லை, வீட்டிலும் இல்லை. கம்பெனிக் கல்ச்சருக்குள்ளேயே ஒரு பாக்டீரியாவின் உள்ளே ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது, நீங்கள் போன பிறகும் வந்தது, டெஸ்ட் செய்து பார்த்துவிட்டேன் என்று. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு நிதானமாக ஒரு கேள்வி கேட்டார்.

"இத்த ஒரு பேப்பர்ல எழுதி சீல் வச்சுக் குடுப்பீங்களா மேடம்? நான் வாயால சொன்னா சம்பந்தி ஊட்ல நம்ப மாட்டாங்கோ."

மேனேஜரிடம் போனால் கம்பெனி சீல் கிடைக்காது, கிளறாதே என்பார். நான் போய்க் கேட்கவும் இல்லை. என் மேஜை டிராயரில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் உண்டு. தயிர் நன்றாக இருந்தால் அந்த நாள் சரக்குச் சீட்டில் குத்துவது. "தரம் பரிசோதிக்கப்பட்டது" என்று வட்டமாக எழுதியிருக்கும். மறுநாள் வெள்ளைத் தாளில் தமிழில் எழுதினேன். இவருக்கோ இவர் வீட்டிலோ எந்தத் தொற்றும் இருந்ததில்லை, குழந்தைகளைத் தூக்க எந்தத் தடையும் இல்லை, நடந்தது பரிசோதனைக்கூடத்தின் தவறு. என் பெயர், படிப்பு, கையெழுத்து. அதன்மேல் அந்த ஸ்டாம்பைக் குத்தினேன். தயிருக்குக் குத்துவதை ஒரு மனுஷிக்குக் குத்திய கை இது.

அன்று மாலையே கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா எழுத்துக் கூட்டி வாசிப்பார். ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து வாசித்தார். குழந்தைகளைத் தூக்க என்ற இடத்தில் கொஞ்சம் நின்றார். கடைசி வரிக்கு வந்ததும் என்னைப் பார்த்தார்.

"பரிசோதனைக்கூடம்னா யாரு மேடம்? அங்க நீங்களும் நானும்தானே இருந்தோம்."

அதில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"நான்தான்க்கா. தப்பு என்னுது. உங்க தயிரை டெஸ்ட்டே பண்ணாம எழுதிட்டேன்."

அவர் தாளை மடித்தார். திரும்பப் பிரித்து மறுபடியும் மடித்தார். அவர் திட்டட்டும் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"அப்போ அது எந்தத் தயிர்லேர்ந்து வந்துச்சு?"

"எங்க வீட்டுத் தயிர்லேர்ந்து. எங்கம்மா ஊத்தினது. நான்தான் கொண்டாந்து கலந்தேன்."

தெருவில் ஒரு தண்ணீர் லாரி பின்னால் எடுத்துக்கொண்டிருந்தது. அது போய் முடியும்வரை அக்கா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேலைக்கு வரும்போது என் ஒன்றரை வயது மகளை அம்மாதான் பார்த்துக்கொள்கிறார் என்பது அவருக்குத் தெரியும்.

"உங்கம்மாகிட்ட இத்த சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்லக்கா."

"சொல்லாதீங்க மேடம்" என்றார். "சொன்னா, அப்புறம் அவங்களும் கொயந்தய தூக்க மாட்டாங்கோ."